சத்தம் வராத கணினி

என் தம்பி கட்டாரில் உயிரோடும் நல்ல சுகத்தோடும் இருந்த காலத்திலேயே எங்கள் வீட்டு முன்கூடத்தில் அவனுடைய படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. போட்டவர் அம்மா. பக்கத்தில் நின்று ஆணி அடித்தவள் நான்.

தம்பி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். துறைமுகப் பக்கம் யாருடைய எஞ்சின் இழுத்தும் எடுபடாவிட்டாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கைராசியே அவனுக்குச் சனியனாக வந்து சேர்ந்தது. அவனுடைய கட்டார் ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் இங்கே சண்டை மறுபடி மூண்டிருந்தது. ஒரு மத்தியானம் மோட்டார்சைக்கிளில் இரண்டு இயக்கப் பொடியன்கள் வந்தார்கள். மரியாதையாகக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியும் குடித்தார்கள்.

“தம்பி எப்பம்மா வாறார்? எஞ்சின் வேலை தெரிஞ்ச ஆள் எங்களுக்குத் தேவை. வந்தவுடன நாங்களே வந்து கூட்டிக்கொண்டு போறம்” என்றார்கள்.

அடுத்த கிழமை ஆமி ஜீப் வந்தது. வந்தவர்கள் கதிரையில் இருக்கவில்லை. “ஒங்கட மகன் யாருக்கு எஞ்சின் செஞ்சது? எப்ப வாறது? வந்தா நாங்க கொஞ்சம் கேக்க வேணும்” என்று அவர்களில் பெரியவர் அரைகுறைத் தமிழில் கேட்டார். அப்படிக் ‘கொஞ்சம் கேட்க’ என்று கூட்டிப்போகப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்களை எங்கள் ஊர் அன்புவழிபுரத்தில் விரல் விட்டு எண்ணலாம். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒரு யோசனையும் இல்லாமல், “அவன் செத்துப்போட்டான் ஐயா. அங்க ஒரு விபத்தில” என்றார்.

பெரியவர் எங்கள் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “படம் எங்க?” என்று கேட்டார். ஸ்டூடியோவில் இருந்து இன்னும் கழுவி வரவில்லை என்று சொன்னது நான். அந்த நேரத்தில் அந்தப் பொய் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே படம் சுவரில் ஏறியது. அம்மா மாலையைப் போட்டு, கீழே விளக்கை வைத்தார்.

ஒரு பொய்யைச் சுவரில் மாட்டினால் அது ஊருக்கே தெரியும். அயலட்டையில் சனம் திரண்டு வந்தது. திரியாயிலிருந்து மாமி குடும்பமாக வந்து முற்றத்தில் மயங்கி விழுந்தார். யார் யாருக்குத் தகவல் சொல்கிறவர்கள் என்று தெரியாத காலம் அது, மாமிக்குக்கூட உண்மையைச் சொல்ல முடியவில்லை. அம்மா அத்தனை பேரோடும் கட்டிப்பிடித்து அழுதார். நடிக்கிறார் என்று நான் முதலில் நினைத்தேன். இரண்டாம் நாள் அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் சடங்கு எதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. உடம்பு கட்டாரிலிருந்து வரட்டும், அதற்குப் பிறகுதான் எல்லாம் என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் மட்டும் குசினி அடுப்படியில் வைத்து, “மாலை போடலாம் பிள்ளை. ஐயரைக் கூப்பிட்டு மந்திரம் சொல்ல ஏலாது. அது அவனுக்குப் போய்ச் சேர்ந்திரும்” என்றார். விளக்கேற்றும்போதும் படத்தைப் பார்க்கமாட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, “பொய், பொய்” என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, செத்துப்போனவன் ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டான்.

வராதே, காரணம் பிறகு சொல்கிறேன் என்று நான் மின்னஞ்சல் அனுப்பினேன். மாலை போட்ட கதையை எழுத அம்மா விடவில்லை. “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அதை எழுத்தில போடாத. அவன் தனிய இருந்து வாசிக்க, நெஞ்சு வெடிச்சிரும். நான் என்ர வாயால சொல்லுறன்” என்றார். சரி என்று பட்டினத்தில் எங்களைத் தெரியாத ஒரு தொலைபேசிக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிந்த பிறகுதான் வெளிநாட்டுக்கு எடுக்க விடுவார்கள். எங்கள் கெட்ட காலம், வாசலில் கிடந்த வாங்கில் இரண்டு ஆமிக்காரர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் நல்லா இருக்கிறம் ராசா. இப்ப வராத” என்றார். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். “சும்மாதான்” என்றார் அம்மா.

அவனுடைய பதில் அடுத்த நாள் வந்தது. அம்மாவுக்கு ஏதோ வருத்தம், நோயை நீங்கள் மறைக்கிறீர்கள், நல்லா இருக்கிறவர்கள் ஏன் வராதே என்கிறீர்கள், செவ்வாய்க்கிழமை வந்து இறங்குகிறேன் என்று எழுதியிருந்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து எழுதுவது அவன் வழக்கம். அதற்கு முன் வரும் வெள்ளிக்கிழமை அவனுக்கு வேலை இல்லை, அன்று கணினியில் குரல் அழைப்புக்கு வருவான், அம்மா காரணத்தைச் சொன்னால் யோசிப்பான். அதுதான் அவன் கொடுத்த ஒரே இடைவெளி. அதைத் தவறவிட்டால் அவன் கொழும்பில் இறங்கி, பஸ் ஏறி, தன்னுடைய படத்துக்கு முன்னால் வந்து நிற்பான்.

நான் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு சின்னக் கணினிக் கடையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதலாளி முஸ்லிம், அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பயப்படாமல் அங்கே கடை நடத்தவும் முடியாது. ஒருமுறை மாணவன் ஒருவன் ஸ்பீக்கரில் ஏதோ பாட்டைப் போட, வீதியில் போன ரோந்து உள்ளே வந்து அது என்ன பாட்டு, யாருடைய பாட்டு என்று விசாரித்து, ஸ்பீக்கரைத் தரையில் போட்டு மிதித்துவிட்டுப் போனது. அன்றோடு மிச்ச ஸ்பீக்கர்களை நானா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மைக்கோடு சேர்ந்த ஒரு ஹெட்போன் மட்டும் வெளியே இருந்தது. கடையில் எந்தக் கணினியும் சத்தம் போடக்கூடாது என்பது சட்டம். வீட்டிலும் அப்படித்தான். வானொலியில் செய்தி கேட்க அதன்மேல் காதை வைத்துப் படுக்க வேண்டும்.

இணைய இணைப்பு இருந்தது ஒரே ஒரு கணினியில், அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக. அந்தக் கிழமை பார்த்து அது வைரஸ் பிடித்துச் செத்தது. பழைய இயங்குதளத்தை மறுபடி போட அதன் சீடி இறுவட்டு கொழும்பிலிருந்து வரவேண்டும். வரும் வழியில் எத்தனை சோதனைச்சாவடியோ அத்தனை இடத்திலும் இறுவட்டை ஏன், எதற்கு, உள்ளே என்ன என்று கேட்பார்கள். யாரும் கொண்டுவரத் தயாராக இல்லை. எங்களிடம் இருந்தது, எப்போதோ வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வந்த, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் இறுவட்டு ஒன்று. மாணவர்கள் அதைக் கண்ணாடியாக வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். துடைத்துப் போட்டேன். ஏறியது.

ஏறிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. இயங்குதளத்தின் உட்கருவைக் கேர்னல் என்பார்கள். கணினியின் எந்த உறுப்பையும் அதைக் கேட்காமல் தொட முடியாது. ஒவ்வொரு உறுப்பையும் நடத்த அதற்கு டிரைவர் என்ற ஒரு சின்ன நிரல் வேண்டும். எங்கள் கணினி மலிவுச் சரக்கு. சத்தத்தையும் மோடத்தையும், அதாவது தொலைபேசிக் கம்பியோடு பேசுகிற பகுதியையும், ஒரே சில்லுக்குள் திணித்து வைத்திருந்தார்கள். சத்தத்துக்கு ஒரு டிரைவர், மோடத்துக்கு இன்னொரு டிரைவர். இரண்டும் அந்தச் சில்லு தன்னுடையது என்றன. கணினி தொடங்கும்போது முந்திப் போனது பிடித்துக்கொள்ளும். பிந்தியது ஒரு பிழைச்செய்தியை எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். மோடம் வென்றால் இணையம் வரும், குரல் வராது. சத்தம் வென்றால் குரலுக்கு வழி உண்டு, பேசுவதற்குக் கம்பி இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும், ஒரே நேரத்தில், வெள்ளிக்கிழமைக்குள்.

கட்டளைகளை அடிக்கிற கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் மாறி மாறி வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மோட்டார்சைக்கிளும் ஜீப்பும்தான் நினைவுக்கு வந்தன. பிடிபட்ட சில்லை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆத்திரத்தில் விசைப்பலகையை ஓங்கி ஒரு அடி அடித்தேன். நானா எட்டிப் பார்த்து, “தங்கச்சி, அதுவும் போனா என்னட்ட வேற இல்ல” என்றார். சித்தப்பாவின் மகனோடு பேச வேண்டும் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு அவர் சீனி மூட்டையோடு வந்தவர். செத்த தம்பியோடு பேசப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

மோடம் வென்ற நேரம் பார்த்து இணையத்தில் ஒரு கேள்வி பதில் பக்கத்தில் என் நிலைமையை எழுதினேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் உடனே பதில் போட்டார். தனியாக ஒரு மோடம் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவுதானே என்று. அந்த ஆள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் திரையைப் பார்த்தே திட்டித் தீர்த்தேன். கம்பியும் விளக்கும் வைத்த ஒரு பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுவந்தால் குண்டு என்று அதைக் கொண்டுவருகிறவரும் சேர்ந்து சாவடியில் இறங்க வேண்டிய ஊர் எங்கள் ஊர். அதை அவருக்கு எப்படி விளக்குவது? வாங்க முடியாது என்று மட்டும் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் பொறுமையாக வழி சொன்னார். இரண்டு டிரைவர்களும் தாங்களாகவே ஓடிப்போய் ஏறாதபடி கேர்னலைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு நீங்களே கையால் ஏற்றுங்கள். முதலில் சத்தம், அது முதல் இடத்தைப் பிடிக்கட்டும். அடுத்தது மோடம், இரண்டாவது இடத்தைக் காட்டினால் அது சண்டை போடாது.

கேர்னலைக் கட்டுவது என்றால் அந்தப் பழைய கணினி விடியத் தொடங்கிக் கடை மூடும்வரை அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் குழம்பிவிடும். மின்சாரம் போகாத நாள் எங்களுக்கு இருந்ததா? யூபிஎஸ் பெட்டிக்கு மாற்ற பேட்டரியும் சாவடிகளைத் தாண்டி வராது. முதல்நாள் முக்கால்வாசியில் நின்றது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அடுத்த நாளும் அப்படியே. துறைமுகத்துக்குள் கடற்படை வெடி போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் யாராவது நீந்தி வந்தால் என்ற பயத்தில் நேரம் காலம் இல்லாமல் போடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் திரை ஆடும், நான் மின்விளக்கைத்தான் பார்ப்பேன். வெளியே, எங்கள் பட்டினத்து வீதிகளில் மாடுபோல் திரிகிற மான்களில் ஒன்று சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலை ஆறுதலாகக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு கவலையும் இல்லை.

மூன்றாம் முறை கட்டி முடிந்தது. கையால் ஏற்றினேன், முதலில் சத்தம், பிறகு மோடம். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. இணையம் பிடித்தது. சந்தோசத்தில் ஹெட்போனை மாட்டி ஒரு மணிச்சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். கணினி மறுக்கவில்லை, ஓட்டியது. காதில் ஒன்றும் இல்லை.

மறுபடி போட்டேன். ஒன்றும் இல்லை. ஆக, பெயருக்கு இரண்டும் ஏறியிருந்தாலும் உள்ளே மோடந்தான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவோடு வியாழக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். சரியாக இருந்த ஒழுங்கைக் குலைத்தேன், குலைத்ததைத் திருத்தினேன், திருத்தியதை மறுபடி குலைத்தேன். கடைசியில், பிழைச்செய்தி வராத அந்த முதல் ஒழுங்குக்கே திரும்பி வந்து நின்றேன். சத்தம் மட்டும் வரவேயில்லை. எழுதிவிடுகிறேன் என்று வீட்டில் அம்மாவிடம் கெஞ்சினேன்.

“எழுதாத. நான் வாறன். வந்து இருக்கிறன். நீ எப்பிடியும் செய்வாய்” என்றார் அம்மா. அந்த நம்பிக்கையைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நானா ஜும்மாத் தொழுகைக்குக் கடையைப் பூட்டுவார். அவர் பள்ளிவாசலுக்குப் போய் வரும் வரைக்கும் கடை வெறுமையாக இருக்கும். அதற்காகவே அந்த நேரத்தைத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். அம்மா வெள்ளைச் சேலையில் வந்தார். துக்க வீட்டுக்காரி பட்டினத்துக்குப் போகிறாள் என்று சாவடியில் பெண் சிப்பாய்கூட அதிகம் தடவாமல் விட்டாள். “சித்தப்பாட மகனுக்கு என்ர சலாத்தையும் சொல்லுங்க” என்று சொல்லி நானா வெளியிலிருந்து கதவை இழுத்து மூடிவிட்டுப் போனார். உள்ளே மின்விசிறியும் நாங்களும்.

சத்தம், மோடம் என்று அந்த ஒழுங்கிலேயே ஏற்றினேன். மோடம் கம்பியைப் பிடித்தது. தம்பியின் பெயர் பச்சையாக எரிந்தது. அழைத்தேன், எடுத்தான். திரையில் அழைப்பின் நிமிடங்கள் ஓடத் தொடங்கின. ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டி, மைக்கை வாய்க்கு முன்னால் வளைத்துவிட்டேன்.

“தம்பி, கேக்குதா?” என்றார் அம்மா. காத்திருந்தார். “மகன்?” ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினார். என்னைப் பார்த்தார். “ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை.”

நான் பிடுங்கி என் காதில் வைத்தேன். இரைச்சல்கூட இல்லை. ஹெட்போனைத் திரும்ப அம்மாவின் தலையில் மாட்டினேன். அழைப்புப் பெட்டிக்கு மேலேயே கறுப்புத் திரையைப் பெரிதாக விரித்தேன். சத்தத்தின் டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் ஒருவேளை சில்லு கைக்கு வரும். இறக்கும் கட்டளையை அடித்தேன். முடியாது, அது பயன்பாட்டில் இருக்கிறது என்றது கேர்னல். மறுபடி அடித்தேன். பயன்பாட்டில் இருக்கிறது. யாருடைய பயன்பாட்டில், சனியனே, எங்களுக்கு ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லையே என்று கத்தினேன்.

“அம்மா, இது சரிவராது. அவனுக்கும் ஒண்டும் கேக்காது. ஹெட்போனைக் கழட்டுங்கோ” என்றேன்.

அம்மா கழற்றவில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“மகன், உனக்குக் கேக்காதாம். அக்கா சொல்லுறா. கேக்காட்டியும் நான் சொல்லத்தான் வந்தனான். உன்னை நான் சாகடிச்சுப்போட்டன் ராசா. என்ர வாயாலதான். உன்னைத் தேடி ரெண்டு பக்கத்தாலயும் வந்தவங்கள். ஒருத்தன் கூட்டிக்கொண்டு போறன் எண்டான், மற்றவன் கேக்க வேணும் எண்டான். எனக்கு வாயில வேற ஒண்டும் வரேல்லை. செத்துப்போட்டான் எண்டு சொல்லிப்போட்டன்.”

நான் கட்டளையை அடித்துக்கொண்டே இருந்தேன். பயன்பாட்டில் இருக்கிறது. பயன்பாட்டில் இருக்கிறது.

“படம் வச்சு, மாலை போட்டு, விளக்கும் ஏத்துறன். நீலச் சேட்டோட நிக்கிற அந்தப் படம். சனம் எல்லாம் வந்து அழுதிட்டுப் போட்டுது. மாமி மயங்கி விழுந்தவ. நானும் அழுதனான். பொய்யா அழத் தெரியேல்லை மகன், உண்மையாத்தான் வந்தது. நீ இப்ப வந்தா எல்லாம் வெளியில வந்திரும். உன்னையும் கொண்டுபோவாங்கள், அக்காவையும் கொண்டுபோவாங்கள். எனக்கு உன்னைப் பாக்கோணும். ஒவ்வொரு நாளும் பாக்கோணும் போலதான் கிடக்கு. ஆனா வராத. செத்த பிள்ளையாவே அங்க இரு. நான் செத்தாலும் வராத.”

அவ்வளவுதான். அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து, சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. தம்பி பையோடு படலையைத் திறந்துகொண்டு வருகிறான், அயல் வீட்டுப் பெண் கிணற்றடியில் நின்று அலறுகிறாள், பின்னால் ஜீப் வருகிறது. எல்லாம் முடிந்தது என்று கறுப்புத் திரையை மூடினேன்.

அதற்கு அடியில், இவ்வளவு நேரமும் நான் மறைத்து வைத்திருந்த அழைப்புப் பெட்டியில், எழுத்துகள் வரிசையாக நின்றன.

கேக்குது அம்மா.

எனக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்கேல்லையா?

அக்கா, நான் கத்துறன், ஏன் பதில் இல்லை?

கேக்குது. சொல்லுங்கோ.

அழாதேங்கோ அம்மா.

விளங்கிற்று. வரேல்லை. டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கிறன்.

நீலச் சேட்டுப் படமா? அது எனக்கு வடிவில்லை.

விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து, விட்டு விட்டு, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீலச் சேட்டு வரி வந்தபோது அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறியது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கேர்னல் ஏன் மறுத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தத்தின் டிரைவர் உண்மையாகவே பயன்பாட்டில்தான் இருந்தது. அம்மாவின் குரலை அது கட்டாருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பேசத் தொடங்கியதும் நான் அடித்த கட்டளைக்கு அது சம்மதித்திருந்தால், ‘சாகடிச்சுப்போட்டன்’ என்ற சொல்லுக்கு மேல் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

பிறகு திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன ஸ்பீக்கர் படம், அதன்மேல் சிவப்பாக ஒரு குறுக்குக்கோடு. அந்தக் கிழமை முழுக்க அது அங்கேயே இருந்தது. அந்த இயங்குதளத்தில் புதிதாக ஏறும் சத்தம் ஊமையாகத்தான் ஏறும், நாங்கள்தான் திறந்துவிட வேண்டும். எங்கள் கணினியில் மைக் திறந்திருந்தது, காது மட்டும் மூடியிருந்தது. வேறு எந்த ஊரில் இருக்கிற ஒருத்தியும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பாள். எனக்கு அது கண்ணில் பட்டது, ஆனால் குறையாகப் படவில்லை. சத்தம் அடைத்துக் கிடப்பதுதான் எங்களுக்கு ஒழுங்கு. கேர்னலையே உடைத்துக் கட்டினேன், அந்த ஒரு கோட்டைத் தட்டிவிட எனக்குத் தோன்றவில்லை.

தட்டினேன். கோடு போனது. ஹெட்போனை அம்மாவின் காதில் வைத்தேன். அம்மா “ராசா” என்றார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், கம்பி பிடிக்கவேயில்லை. நானா வந்து கதவைத் தட்டும்வரை பார்த்தேன்.

அவன் வந்து இறங்கியிருக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை ஜீப்தான் வந்தது. அதே பெரியவர். எங்களோடு ஒன்றும் பேசாமல் முன்கூடத்துக்குள் வந்து படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஜீப்பின் சத்தம் வீதி முடக்கில் அடங்கும்வரை நானும் அம்மாவும் அசையவில்லை. அவன் தப்பிவிட்டான் என்று எனக்கு அப்போதுதான் முழுதாக நம்பிக்கை வந்தது. சுவரில் சாய்ந்தபடியே தரையில் இருந்துவிட்டேன்.

அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். “அவன் அழுதவனா பிள்ளை?” என்று கேட்டார்.

“எப்ப?”

“அண்டைக்கு. வரேல்லை எண்டு சொல்லேக்க. அழுதுகொண்டு சொன்னவனா, சும்மா சொன்னவனா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான் என்று சொல்ல வாய் வந்தது. அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“எழுத்தில அது தெரியாதம்மா” என்றேன்.

அம்மா எழும்பிப் போய், படத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, விளக்குக்கு எண்ணெய் விட்டார்.